பெட்டியில் மூன்று பேர்

எங்கள் தமிழ் மன்றத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு, மலர்க்குழுவிலிருந்து ஒரு தம்பி போன மாதம் தொலைபேசி எடுத்தார்.

"அக்கா, நீங்கள் இப்ப பென்சன் எடுத்திட்டியள். வேலை அனுபவம் ஒண்டு எழுதித் தாங்கோவன். அவுஸ்பில்டுங், அதுதான் தொழிற்பயிற்சி, தேடுற பிள்ளையளுக்குப் பிரயோசனமா இருக்கும்."

"ஓம், எழுதுறன். ஜாஸைப் பற்றி எழுதுறன்."



"ஜாஸோ? நீங்கள் ரேடியோவில கொம்பியூட்டர் வேலை எண்டெல்லோ சொன்னவை. அதை எழுதினா நல்லம். ஜாஸ் எண்டா எங்கட சனத்தில ஆர் வாசிக்கப் போகினம்?"

"வாசிக்காட்டி விடட்டும், தம்பி. பக்கத்தை மட்டும் விட்டு வையுங்கோ."

விட்டு வைத்தார். ஆகவே இது ஜாஸைப் பற்றிய கட்டுரைதான். பிள்ளைகளுக்கு இதில் பிரயோசனம் இருக்கிறதா என்பதை வாசித்துவிட்டு அவர்களே சொல்லட்டும்.

எனக்கு ஐம்பத்தாறு வயது. பென்சனுக்குரிய வயது இல்லைதான். இடக்காதில் ஓர் இரைச்சல் வந்து போகாமல் தங்கிவிட்டது. கேட்பதையே தொழிலாகக் கொண்டவளுக்கு அதற்கு மேல் வேலை இல்லை என்று வைத்தியர் எழுதித் தந்தார். பதினெட்டு வருடம் ஒரு வானொலி நிலையத்தின் ஒலிநாடாக் களஞ்சியத்தில் வேலை செய்தேன். ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் எசன் நகரிலிருந்து ரயிலில் முக்கால் மணித்தியாலம். நிலையத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் படித்தேன். மூன்றாம் வருடத்தில் படிப்பும் ஊரும் ஒன்றாக நின்றுபோயின. இங்கே வந்து ஹோட்டலில் கோப்பை கழுவினேன், டொச், அதாவது ஜேர்மன் மொழி, படித்தேன், கல்யாணம் செய்தேன், மதுரா பிறந்தாள். பிறகு தொழில் அலுவலகம் அனுப்பிய இரண்டு வருட ஒலித்துறைப் பயிற்சி. அது முடிந்த கையோடு களஞ்சியத்தின் கதவைத் தட்டினேன். திறந்தவர் அதன் பொறுப்பாளர் ஹெர், அதாவது திரு, கெம்பர்.

அவர் சொன்னதையெல்லாம் எங்கட தமிழில்தான் எழுதப்போகிறேன். ஹெர் கெம்பர் யாழ்ப்பாணத்தில் படித்தவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். பேசியது டொச். ஆனால் பதினெட்டு வருடத்தில் அவருடைய குரல் என் தலைக்குள் இப்படித்தான் மாறிப்போயிருக்கிறது.

முதல் நாள் ஒரு நாடாவை ஓடவிட்டு, "என்ன கேக்குது?" என்றார்.

"இசை."

இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார். கால் மணித்தியாலம் கழித்து வந்தார். திரும்ப ஓடவிட்டார். "என்ன கேக்குது?"

"இசை தொடங்க முதல் ஓர் அறை கேக்குது. ஆரோ கதிரையை இழுக்கிறார்."

மேசையில் ஒரு பிஸ்கட் தகரம் இருந்தது. அதை என் பக்கம் ஓர் அங்குலம் தள்ளினார். அவர் "நல்லது" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. திருப்தி வந்தால் தகரம் நகரும். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எனக்குத் தெரிய, எந்த அலுவலகத்திலும் இவ்வளவு தெளிவாகப் பேசிய மேலதிகாரி இல்லை.

வேலை முறை இதுதான். எங்கள் நாடாக்களுக்கு, சுருளைத் தாங்கும் பக்கத் தட்டுகள் கிடையாது. நடுவில் ஒரு சிறிய உலோக வளையம், அதைச் சுற்றி நாடா, அவ்வளவுதான். ஒரு கையை அடியில் விரித்துக் கொடுத்து, மற்றக் கையால் நடுவைப் பிடித்துத் தூக்க வேண்டும். தவறினால் நடு கழன்று விழுந்து, ஐந்நூறு மீற்றர் நாடா நிலத்தில் இடியப்பமாகிவிடும். எனக்கு இரண்டு தரம் அப்படி நடந்தது. இரண்டாம் தரம் ஹெர் கெம்பர் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தார்.

ஒவ்வொரு நாடாவையும் இரண்டு தரம் கேட்க வேண்டும். முதல் தரம் கைகள் மடியில், பென்சிலைத் தொடக்கூடாது. இரண்டாம் தரம் ப்ரோட்டோகோல் என்ற குறிப்புத் தாளில் எழுத வேண்டும்: எத்தனையாம் நிமிடம், எத்தனையாம் விநாடி, என்ன குறை. வெடிப்புச் சத்தத்துக்கு ஒரு எழுத்து, மின் முனகலுக்கு ஒரு எழுத்து, நாடாவின் இரைச்சலுக்கு R, டொச்சில் அந்தச் சொல்லின் முதல் எழுத்து. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கேட்டவரின் ஒப்பம். நான் கேட்டதை அவர் தனியாக ஒரு முறை கேட்டு, தன் ஒப்பத்தைப் பக்கத்தில் வைப்பார். பிறகுதான் அந்தத் தாள் பெட்டிக்குள் போகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவரிடம் ஒரு விதி இருந்தது. "பெட்டியில எழுதியிருக்கிறது உள்ளுக்கு இருக்கவேணும். உள்ளுக்கு இருக்கிறது பெட்டியில எழுதியிருக்கவேணும். மிச்சமெல்லாம் அபிப்பிராயம்."

அந்தக் களஞ்சியத்தின் ஒரு மூலையில், நாற்பதுக்குக் கிட்டிய பெட்டிகளில், கூல் ஜாஸ் இருந்தது.

கூல் ஜாஸ் என்றால் என்ன? போர் முடிந்த கையோடு அமெரிக்காவில் ஜாஸ் வேகமாகவும் சூடாகவும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டத்திலிருந்து ஒதுங்கிய சிலர், நியூயோர்க்கிலும் பிறகு பெரும்பாலும் மேற்குக் கரையில் கலிபோர்னியாவிலும், வேறு மாதிரி வாசிக்கத் தொடங்கினார்கள். பலர் பெரிய வாத்தியக் குழுக்களில் பழகியவர்கள். பகலில் சினிமாக் கலையகங்களில் தாளைப் பார்த்து வாசித்துப் பிழைத்தவர்கள். ஆகவே அவர்கள் வாசித்ததில் எழுதிய ஒழுங்கும் இருந்தது, அந்த நேரத்துக் கற்பனையும் இருந்தது. தொனி மெலிது, சுரத்தை நடுக்குவதில்லை. சில குழுக்கள் பியானோவையே விட்டுவிட்டன. இரண்டு ஊதுகருவிகள் ஒன்றையொன்று வெட்டாமல், பக்கத்தில் பக்கத்தில் நடந்து போகும். இடைவெளிகள் வெறுமையாகக் கிடக்கும். அவற்றை நிரப்ப யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

இரத்தமில்லாத இசை என்று அதைத் திட்டியவர்கள் உண்டு. கறுப்பு மக்களின் இசையை வெள்ளையர் எடுத்து ஆறவைத்துவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். யாருக்குப் பெயரும் வேலையும் கிடைத்தன என்று பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மெல்லிய தொனியை முதலில் ஊதிக் காட்டியவர்களே கறுப்புக் கலைஞர்கள்தான். மெதுவாகப் பேசுவதால் ஒருவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுகிறவர்களை நான் இந்த நாட்டில் எத்தனையோ அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன்.

ஜேர்மனியில் இந்த இசைக்கு இன்னொரு கதை இருந்தது. நாஸிகளின் காலத்தில் ஜாஸ் கேட்பதே ஆபத்து. போர் முடிந்ததும் அன்று இளைஞராக இருந்தவர்கள் வெளிநாட்டுப் படைகளின் வானொலியில் அதைத் தேடிப் பிடித்தார்கள். பிராங்பேர்ட் பக்கம் அமெரிக்கப் படை, எங்கள் ரூர் சுரங்கப் பிரதேசத்தின் பக்கம் ஆங்கிலேயப் படை. நிலக்கீழ் அறைகளில் கூடி வாசித்தார்கள். இந்த நாட்டில் பலருக்குச் சூடான ஜாஸைவிட ஆறிய ஜாஸ்தான் பிடித்துப்போனது. கத்திக் கத்தி அணிவகுத்த காலத்திலிருந்து வந்தவர்களுக்கு, கத்தாத இசை ஒன்று தேவைப்பட்டிருக்கும் என்பது என் எண்ணம். ரூரில் அது இன்னும் பொருந்தியது. கிழமை முழுவதும் சுரங்கத்திலும் உருக்காலையிலும் சத்தத்தில் நின்றவன், சனிக்கிழமை மெதுவாகவே வாசிக்க விரும்பினான். எங்கள் நாற்பது பெட்டிகளும் அப்படிப்பட்டவர்கள் வாசித்தவை. கெல்சென்கிர்ச்சன், எசன் பக்கத்துப் பெடியள். பெரிய பெயர் ஒன்றும் இல்லை. இசைத்தட்டு ஒன்றும் வரவில்லை. அந்த நாடாக்களைத் தவிர அவர்கள் வாசித்ததற்கு வேறு சாட்சி இல்லை.

இதையெல்லாம் பின்னால்தான் அறிந்தேன். முதன்முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஹெர் கெம்பரிடம் கேட்டேன், "இவை சுதி சேர்த்து முடிய இன்னும் எவ்வளவு நேரமாகும்?"

கண்ணாடியைத் துடைத்தார்.

நான் அங்கே சேர்ந்து இரண்டாம் வருடம் அவர் மூன்று கிழமை முதுகு வைத்தியத்துக்குப் போனார். போகும்போது அந்த நாற்பது பெட்டிகளையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் விதிப்படி செய்தேன். முதல் தரம் கைகள் மடியில், இரண்டாம் தரம் பென்சில். பெரும்பாலான நாடாக்களில் இசை தொடங்க முதலே ஒரு சீரான உரசல் கேட்டது. கடைசிவரை அது நிற்கவில்லை. R என்று எழுதினேன். அடுத்த நாடா, R. அடுத்தது, R. ஒவ்வொரு வரியிலும் என் ஒப்பம். இவ்வளவு பழைய நாடா என்றால் இரையத்தானே செய்யும்?

ஹெர் கெம்பர் திரும்பி வந்தபோது வேறு வேலை குவிந்திருந்தது. அந்தப் பெட்டிகளை அவர் தனியாகக் கேட்கவில்லை. வாழ்க்கையில் அவர் கேட்காமல் ஒப்பம் வைத்தது அந்த ஒரு தரமாகத்தான் இருக்கும். என்னை நம்பினார்.

அந்த R எழுத்துகள் பெட்டிக்குள் பன்னிரண்டு வருடம் பேசாமல் கிடந்தன.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டளவில் நிலையம் எல்லா நாடாக்களையும் கணினிக்கு மாற்ற முடிவு செய்தது. நான் அதற்கு எதிரானவள் அல்ல. நாடா சாகும்; எல்லாரும் அறிந்ததுதான். ஹெர் கெம்பர் அதற்குள் ஓய்வுபெற்று, அடுத்த வருடமே காலமாகிவிட்டார். புதிய தலைவி ஃபிராவ் டில்மான் கெட்டிக்காரி. கதைப்பது வேகம், முடிவெடுப்பது அதைவிட வேகம். மாற்றும் வேலையை வெளியில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார்கள். இரைச்சல் என்று குறிப்பிருக்கும் நாடாக்களை ஒரு மென்பொருள் தானாகச் சுத்தம் செய்யும். சுத்தமான கோப்பு வந்ததும் நான் கேட்டு, ஏற்புத் தாளில் ஒப்பம் வைக்க வேண்டும். ஒப்பம் விழுந்த பெட்டிகள் அழிக்கப்படும். நிலக்கீழ் அறையைக் காலி செய்ய வேண்டியிருந்தது.

அதே இலையுதிர் காலத்தில் எனக்கு வேறு இரண்டு தாள்கள் காத்திருந்தன. ஒன்று என் வேலை ஒப்பந்தம். அதுவரை வருடத்துக்கு வருடம் நீட்டிய ஒப்பந்தத்தை டிசம்பரில் நிரந்தரமாக்குவதாக ஃபிராவ் டில்மான் வாயால் சொல்லியிருந்தார். மற்றது எங்கள் பிரஜாவுரிமைக்கான அன்ராக், அந்த விண்ணப்பம். என் கணவருடைய பேக்கரி வேலை குறுங்கால வேலை. ஆகவே விண்ணப்பம் என்னுடைய ஒப்பந்தத்தைத்தான் நம்பியிருந்தது. மதுராவுக்குப் பதினாறு வயது. அடுத்த கோடையில் வகுப்போடு லண்டன் போவதற்குப் பெயர் கொடுத்திருந்தாள். எங்கள் அகதிகளுக்கான நீலப் பயணப் புத்தகத்தில் அவளுக்கு விசா கிடைப்பது சந்தேகம். ஜேர்மன் கடவுச்சீட்டு வந்தால் மற்றப் பிள்ளைகளைப் போல பையைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

மதுராவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். மூன்று வயதிலிருந்து அவளுக்கு முட்டு. ஆஸ்துமா. அவள் அடுத்த அறையில் இருந்து படித்தாலும் அவளுடைய மூச்சு எனக்குக் கேட்கும். உள்ளே போகும் மூச்சு எவ்வளவு நேரம், வெளியே வரும் மூச்சு எங்கே இழுபடுகிறது என்று எண்ணாமல் நான் சமைத்த நாள் இல்லை. "அம்மா, நான் மூச்சு விடுறதையும் ப்ரோட்டோகோல் எழுதப்போறியளோ?" என்று பகிடி பண்ணுவாள்.

கூல் ஜாஸ் கோப்புகள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தன. முதல் கோப்பைப் போட்டேன். கைகள் மடியில். சாக்ஸபோன் தொடங்கியது. துப்புரவாக, கண்ணாடி மாதிரி. இரண்டு நிமிடத்துக்குள் எனக்கு நெஞ்சு அடைத்தது. ஏன் என்று விளங்கவில்லை. நிறுத்தினேன், முதலிலிருந்து போட்டேன். திரும்பவும் அதே அடைப்பு. மூன்றாம் தரம்தான் விளங்கியது.

அந்த மனிதர் மூச்சு எடுக்கவில்லை.

நீண்ட வரி ஒன்றை ஊதி முடிக்கிறார். அடுத்த வரியைத் தொடங்குகிறார். இரண்டுக்கும் இடையில் ஒன்றுமே இல்லை. மனிதன் இல்லாத இடைவெளி. பெற்ற தாய் கேட்கப் பயப்படும் அமைதி அது.

கீழே ஓடிப்போய் மூல நாடாவை எடுத்து வந்து இயந்திரத்தில் ஏற்றினேன். ஓடின அவசரத்தில் அது இடியப்பமாகாமல் தப்பியது பெரிய காரியம். மூல நாடாவில் மூச்சு இருந்தது. அந்த மூச்சைத் தேடிக் கேட்டபோது அடியில் இன்னொன்றும் கேட்டது. சீரான உரசல் என்று நான் நினைத்தது சீராக இல்லை. வட்டமாகச் சுற்றி, இரண்டாம் தட்டிலும் நாலாம் தட்டிலும் கொஞ்சம் அழுந்தி, திரும்பச் சுற்றியது.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். தட்டச்சில் மூன்று பெயர்கள். சாக்ஸபோன். பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம். மேளம்.

கோப்பில் இருந்தது இரண்டு பேர்.

நான் மிருதங்கம் கேட்டு வளர்ந்தவள். மேளம் என்றால் அடி விழ வேண்டும்; இரண்டு முகங்களும், தொப்பியும் வலந்தலையும், பேச வேண்டும். தோலின்மேல் கம்பித் தூரிகையை வைத்து, முற்றம் கூட்டுகிற மாதிரிச் சுற்றிச் சுற்றித் தேய்ப்பதும் மேளம் வாசிப்பதுதான் என்று அந்த இரண்டாம் வருடத்தில் எனக்குத் தெரியாது. அந்தப் பெடியள் பல பாட்டுகளை மேளக்காரரின் தேய்ப்போடு மட்டுமே தொடங்குவார்கள். சில விநாடி அவர் தனியே. பிறகு மற்ற இருவரும் வருவார்கள். அந்தச் சில விநாடிகளைத்தான் நான் இரைச்சல் என்று எழுதினேன். கணினியும் என் குறிப்பை நம்பி, அந்த விநாடிகளை இரைச்சலின் மாதிரியாக எடுத்து, அதைப் போன்ற எல்லாவற்றையும் பாட்டு முழுவதிலிருந்தும் கழித்தது. மேளக்காரர் போனார். அவரோடு சாக்ஸபோன்காரரின் மூச்சும் போனது.

குறிப்புத் தாளை வெளியே எடுத்தேன். R, R, R. ஒவ்வொரு வரியிலும் என் அழகான ஒப்பம்.

அன்று மாலை கணவருக்குச் சொன்னேன்.

"ஆருக்கும் தெரியுமோ?" என்றார்.

"இல்லை."

"அப்ப ஏன் காணும் வாயைத் திறக்கிறீர்? பேசாமல் ஒப்பத்தை வைச்சுப்போட்டு வாரும். டிசம்பர் முடியட்டும்."

"டிசம்பருக்கு முதல் அழிச்சுப் போடுவினம்."

"அழிக்கட்டும். உவங்கள் தங்கட பாட்டைத் தாங்களே அழிக்கிறாங்கள். உமக்கென்ன விசரே?"

மதுரா சாப்பாட்டு மேசையிலிருந்து எழும்பினாள். "செத்துப்போன ஆரோ ஒராள் மேளத்தைத் தேய்ச்சதுக்காக நான் லண்டன் போகாமல் இருக்கிறதோ, அம்மா?"

"அவர் செத்தாரோ எண்டு தெரியாது."

"அதைத்தான் நான் கேட்டனானோ?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் முட்டுக்கான ஸ்ப்ரே அடிக்கும் சத்தம் கேட்டது. ஒரு தரம், பிறகு இன்னொரு தரம். என்னால்தான் இழுத்தது. அந்த இரண்டு சத்தங்களும் இன்றைக்கும் என் நெஞ்சில் இருக்கின்றன. நான் துணிச்சல்காரி என்று நினைத்து இதை வாசிக்கிறவர்கள் அதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஏற்புக் கூட்டம். ஃபிராவ் டில்மான், கம்பெனியிலிருந்து வந்த பொறியியலாளர், நான். தாளும் பேனையும் என் முன்னால் இருந்தன.

"நான் இதை ஏற்கேலாது" என்றேன்.

பொறியியலாளர் சிரித்தார். நல்ல மனிதர்தான். "கோப்பில் ஏதும் குறை கேக்குதோ?"

"குறை ஒண்டும் இல்லை. ஒராள் இல்லை."

பெட்டியை அவர் முன்னால் வைத்தேன். "இதில எத்தனை பேர்?"

"மூண்டு."

கோப்பைப் போட்டேன். "எண்ணுங்கோ."

தலையைச் சாய்த்துக் கேட்டார். சாக்ஸபோனுக்கு ஒரு விரல் மடித்தார். பாஸுக்கு ஒரு விரல் மடித்தார். மூன்றாவது விரல் நீட்டியபடியே நின்றது. பாட்டு முடிந்தது, விரல் மடியவில்லை.

பிறகு மூல நாடாவை ஓடவிட்டேன். முதல் நாலு விநாடிக்குள் அந்த விரல் மடிந்தது.

"ஆனால்" என்றார், "இது உங்கட குறிப்பில் இரைச்சல் எண்டுதானே இருக்குது? நாங்கள் அதைப் பார்த்துத்தான் செய்தனாங்கள்."

ஃபிராவ் டில்மான் குறிப்புத் தாளை இழுத்துப் பார்த்தார். "இது ஆற்றை ஒப்பம்?"

பதில் சொல்லாமல் தப்ப ஒரு வழி இருந்தது. பக்கத்தில் ஹெர் கெம்பரின் ஒப்பமும் இருந்தது. அவர் செத்துவிட்டார், அவரை யாரும் வேலையால் நிற்பாட்ட முடியாது. ஒரு விநாடி அந்த வழி எனக்குத் தெரிந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

"என்னுடையது. அவர் கேக்கேல்லை. கேட்டது நான் மட்டும்தான். பிழையாக் கேட்டனான்."

"எத்தனை பெட்டி?"

"நாற்பதுக்குக் கிட்ட. எல்லாத்தையும் திரும்பக் கேக்கவேணும். அதுவரைக்கும் ஒண்டையும் அழிக்கேலாது."

"அழிக்கேலாது எண்டு நீங்கள் எனக்குச் சொல்றியளோ?"

"நான் சொல்லேல்லை. இந்தக் களஞ்சியத்தின்ர விதி சொல்லுது. பெட்டியில எழுதியிருக்கிறது உள்ளுக்கு இருக்கவேணும். அது இல்லாத கோப்பை நான் ஏற்கமாட்டன். வேணுமெண்டால் நீங்கள் ஒப்பம் வையுங்கோ."

பேனையை அவர் பக்கம் தள்ளினேன். ஓர் அங்குலம்.

அவர் ஒப்பம் வைக்கவில்லை.

பெட்டிகள் தப்பின. நான் தப்பவில்லை. கவனக்குறைவுக்கான எச்சரிக்கைக் கடிதம் ஒன்று என் கோவையில் ஏறியது. டிசம்பரில் நிரந்தரத்துக்குப் பதிலாக ஆறு மாத ஒப்பந்தம் வந்தது. பிரஜாவுரிமை அலுவலகத்துக் கிளார்க் அதைப் பார்த்துவிட்டு, "நிரந்தரமானதும் வாங்கோ" என்று விண்ணப்பத்தை மடித்துத் தந்தார். விசாவும் கிடைக்கவில்லை. வகுப்பு லண்டனுக்குப் போன கிழமை மதுரா பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு ஒன்றில் இருந்து படித்துவிட்டு வந்தாள். என்னோடு கதைக்கவில்லை. கடவுச்சீட்டு வர இன்னும் இரண்டு வருடம் எடுத்தது.

அந்த ஆறு மாதமும் நான் நாற்பது பெட்டிகளையும் திரும்பக் கேட்டேன். எல்லா R-உம் பிழை இல்லை. ஏழு நாடாக்களில் உண்மையான இரைச்சல். மிச்சத்தில் R-ஐ ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் "தூரிகை" என்பதற்கான டொச் சொல்லை எழுதினேன். பழைய ஒப்பத்துக்குப் பக்கத்தில் புதிய ஒப்பம். வேலை முடிகிற நேரம் ஃபிராவ் டில்மான் வந்து பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

"இதையெல்லாம் புதுத் தாளில திருத்தி எழுதலாம்" என்றார். "பழைய தாளை எடுத்துப்போடலாம். எச்சரிக்கைக் கடிதத்தையும் ஒரு வருடத்தில எடுத்துவிடுறன். ஒருத்தருக்கும் தெரிய வராது."

எனக்கு நன்மை செய்யத்தான் கேட்டார். நான் மாட்டேன் என்றேன்.

"ஏன்?"

"பெட்டிக்குள்ள நடந்தது பெட்டியில இருக்கவேணும். என்ர பிழையும் அதுக்குள்ளதான் நடந்தது."

அந்தத் தாள்கள் இன்றைக்கும் வெட்டியபடியே இருக்கின்றன. ஐம்பது வருடம் கழித்து யாரோ திறந்து, இந்த நீளமான தமிழ்ப் பெயர்க்காரிக்குக் காது கேட்காதோ என்று சிரிக்கட்டும். சிரித்துவிட்டுப் பக்கத்து ஒப்பத்தையும் பார்க்கட்டும். இரண்டும் என்னுடையவை.

ஒரு வருடத்துக்குப் பிறகு நிரந்தர ஒப்பந்தம் வந்தது. நான் யாரிடமும் போய்க் கேட்கவில்லை.

இந்த வருடம் நான் வேலையை விட்ட கடைசி நாளில் மேசையை ஒதுக்கப் போனேன். மதுரா கூட வந்தாள். இருபது வயது, டோர்ட்முண்டில் படிக்கிறாள். பெட்டி தூக்கத்தான் வந்தாள், வேறொன்றுக்கும் இல்லை. இத்தனை வருடத்தில் அந்தப் பாட்டை அவள் கேட்டதில்லை. நான் கேட்கச் சொன்னதும் இல்லை. அன்று அவளே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, அந்த லண்டன் பாட்டைப் போடுங்கோ பாப்பம்."

எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

திரும்ப மாற்றிய கோப்பைப் போட்டேன். தூரிகை சுற்றத் தொடங்கியது. பாஸ் வந்தது. சாக்ஸபோன் ஒரு நீண்ட வரியை மெதுவாக ஊதி முடித்தது. பிறகு அந்த மனிதர் மூச்சை உள்ளே இழுத்தார்.

மதுரா கையை உயர்த்தினாள். நிறுத்தினேன்.

"திரும்பப் போடுங்கோ."

போட்டேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"இவருக்கும் முட்டு இருக்கு, அம்மா" என்றாள். "மூச்சு சும்மா மேலால வரேல்லை. அடியில விசில் அடிக்குது. எனக்குக் குளிருக்குள்ள வாற மாதிரி." பிறகு கேட்டாள், "இவர் என்ன வேலை செய்தவர்?"

"சுரங்கத்தில நிண்டவர் எண்டு கேள்வி."

என் இடக்காது தன்பாட்டில் இரைந்துகொண்டிருந்தது. வலக்காதை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். கைப்பைக்குள் கையை விட்டு ஸ்ப்ரேயை எடுத்தாள். அடிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவரிட்ட இது இருந்திருக்காது, என்ன?"

"இருந்திராது."

"அப்ப என்ன செய்தவர்?"

"வாசிச்சவர்" என்றேன்.